சனிக்கிழமைகளில் ஸ்பானிய மொழி

1

கடந்த சனிக்கிழமை எங்கள் நூலகத்தில் கேக் வெட்டினோம். ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களுக்காக நாங்கள் நடத்தும் கதை நேரம் தொடங்கி மூன்று வருடமாகிவிட்டது. எலிஃபன்ட் அண்ட் காசில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சொல்லிச் செய்வித்த கேக். பெட்டியைத் திறந்ததும் தாய்மார் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். அந்த மொழியில் 'வருடம்' என்ற சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் சின்னச் சுழி ஒன்று இருக்கும். கடைக்காரர் அதை விட்டுவிட்டார். சுழி இல்லாவிட்டால் அந்தச் சொல், மனிதர் உட்காரும் இடத்தில் உள்ள, பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடாத ஒன்றைக் குறிக்கும்.

எங்கள் நூலகர் பியத்ரிஸ் சொக்லேட் கிறீமை விரலால் தொட்டு அந்தச் சுழியைப் போட்டார். "இப்ப வருசமாப் போச்சு, வெட்டுங்கோ" என்றார்.

பியத்ரிஸ் பேசியது ஸ்பானிய மொழியில். ஆனால் அந்த மொழி எப்போதும் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான சாவகச்சேரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன், "லண்டனில் நூலகத்தில் வேலை என்கிறாய், அங்கே தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன?" என்று கேட்டு எழுதியிருந்தான். ஓர் அலுமாரியில் ஒரு தட்டு. அதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமைகளில் நான் செய்யும் வேலையை அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் கடிதம் அப்படியே கிடந்தது. அவனுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2

ஸ்பானிய மொழி எனக்கு ஏஜென்சிக்காரன் தந்தது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி என்னையும் இன்னும் ஐந்து பேரையும் எக்குவடோர் நாட்டில், குவாயாக்கில் என்ற துறைமுக நகரத்தில் இறக்கினான். இரண்டு கிழமை என்றான். நான் அங்கே பத்தொன்பது மாதம் இருந்தேன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் சொந்தக்காரி டோன்யா ரோசா. டோன்யா என்பது மூத்த பெண்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவரிடம் வேலை கேட்டுப் போனேன். கேட்டது கைச் சாடையால். மா மூட்டை தூக்கினேன். தட்டுக் கழுவினேன். அந்த ஊர் வெக்கையும் வியர்வையும் எனக்குப் புதிதில்லை. வாழைக்காயைப் பொரித்து, தட்டையாக நசித்து, திரும்பவும் பொரித்துத் தருவார்கள். அதைப் பாணோடு தின்றுவிட்டு, ஆற்றங்கரையில் போய்க் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு கப்பலும் எனக்கானது இல்லை. ஆனாலும் இன்று நினைத்தால், லண்டனில் ஐந்து வருடம் இருந்த வீட்டைவிட அந்தக் கரைதான் ஞாபகத்தில் தெளிவாக இருக்கிறது.

ரோசா மாப் பிசைந்துகொண்டே கதை சொல்லுவார். முதல் மூன்று மாதம், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர்கள் சிரித்ததைப் பார்த்து நான் சிரித்தேன். பிறகு ஒருநாள் அவர்களோடு சேர்ந்தே சிரித்துவிட்டேன். ரோசா பிசைவதை நிறுத்தி, "இவனுக்கு விளங்கீட்டுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

அக்காவின் கடிதமும் அந்தப் பேக்கரிக்குத்தான் வந்தது. ரொறன்ரோவில் இருந்த நண்பன் ஒருவனுக்குப் போய், அங்கிருந்து சுற்றி வந்த கடிதம். அப்பா இறந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. நெஞ்சு நோகிறது என்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாள். பேக்கரியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். என் அப்பா இறந்துவிட்டார் என்று ஸ்பானிய மொழியில் சொன்னேன். மூன்றே சொற்கள். ரோசா மாக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார்.

அதைத் தமிழில் நான் பல வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு சந்தித்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. என் மனைவி வதனியும் எங்கள் ஊர்தான், அவளுக்கும் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

கனடா சரிவரவில்லை. கடைசியில் ஒல்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வதிவிடப் பேப்பர் கிடைத்தது, கலியாணம் நடந்தது, மகள் ஆரணி பிறந்தாள். அவள் முதலில் பேசியது டச்சு. நான்கு வயதில் அவளை லண்டனுக்குக் கூட்டிவந்தோம். ஆறு வயதில் அவளிடம் ஒரு டச்சுச் சொல்லும் மிஞ்சவில்லை. தான் பிறந்த ஊரின் பெயரையே அவளால் இப்போது சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மொழி ஒரு பிள்ளையை விட்டுப் போக இரண்டு வருடம் போதும் என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். எனக்கோ எல்லாம் மிச்சம். கிங்ஸ்பரியில் மச்சான் வீட்டுக்குப் போனால் 'ஓம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் டச்சில் 'யா' என்பேன். "என்ன, ஒல்லாந்துக்காரன் இன்னும் வீட்டுக்குப் போகேல்லையோ?" என்பார் மச்சான்.

3

லண்டனில் முதலில் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்தேன். பிறகு கவுன்சில் நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. புத்தகம் அடுக்குவது, கதிரை போடுவது, கணினி நின்றுவிட்டால் அணைத்துத் திரும்பப் போடுவது. லண்டன் ஓரத்தில் சட்டனில் வீடு, ரயில் மாறாமல் வேலைக்குப் போகலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒருமுறை ஊழியர்களுக்கு ஒரு படிவம் வந்தது. இனம், மதம், உடற்குறை என்று பெட்டி பெட்டியாகக் கேள்விகள். கடைசியில், தெரிந்த மொழிகள். தமிழ், ஆங்கிலம், டச்சு, ஸ்பானிஷ் என்று எழுதினேன். இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களில் யாரோ ஒருவர் உண்மையில் வாசித்தது அந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

வாசித்தவர் பியத்ரிஸ். கொலம்பியாவில் நூலகராகப் படித்துவிட்டு, இங்கே வந்து பல வருடம் அலுவலகங்கள் துடைத்து, திரும்பவும் படித்து நூலகரானவர். கவுண்டருக்கு வந்து, முன்னறிவிப்பு இல்லாமல் தன் மொழியில், "இது பகிடியோ, உண்மையோ?" என்றார். உண்மைதான் என்று அதே மொழியில் சொன்னேன். மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஒரு வாசகர் திடுக்கிட்டு எங்களுக்கு 'உஷ்' சொன்னார்.

அன்றிலிருந்து நான் அவருடைய கூடை தூக்கி. அறிவித்தல் ஒட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அதை வாசிக்கிற ஆக்கள் ஏற்கெனவே வாறவை. வராத ஆக்களிட்ட நாங்கதான் போகவேணும்" என்பார். புத்தகக் கூடையோடு தலைமயிர் வெட்டும் கடைகள், ஊருக்குக் காசு அனுப்பும் கடை வரிசை, துணி துவைக்கும் கடை, தேவாலய வாசல் என்று போனோம். பெண்கள் முதலில் கேட்டது எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "கார்ட் எடுக்க விசா கேப்பினமோ?"

"பேரும் விலாசமும் காணும்" என்பார் பியத்ரிஸ். அடுத்ததாக அவர்கள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி யாரோ புத்தி சொன்னதாகச் சொல்வார்கள். பியத்ரிஸுக்கு முகம் சிவக்கும். "இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில தானா வரும். கதையை உங்கட பாஷையில சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி வேற ஆர் சொல்லுறது?"

பக்கத்தில் கூடையோடு நின்று நானும் தலையாட்டுவேன். பின்னேரம் சட்டனுக்குப் போய், "சாப்பிட்டியோ?" என்று தமிழில் கேட்பேன். ஆரணி ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போவாள். எங்கள் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை கதை சொல்ல வரவேண்டியவருக்குக் காய்ச்சல். இருபது பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். பியத்ரிஸ் என்னை முன்னால் தள்ளிவிட்டார். வாய்க்கு வந்தது ரோசாவின் கழுதைக் கதை. யாராவது புதுக்கதை சொன்னால்தான் பாலத்தைக் கடப்பேன் என்று அடம்பிடிக்கும் கழுதை. ஊரே வரிசையில் நின்று கதை சொல்கிறது. கதைகள் தீர்ந்துபோகின்றன. கடைசியில் வாய் பேசாத ஒருவன் வந்து கழுதையின் காதுக்குள் ஊதுகிறான். கழுதைக்குக் கூச்சம் வந்து ஒரே பாய்ச்சலில் அக்கரைக்குப் போய்விடுகிறது. நான் கழுதையானேன், பாலமானேன், ஊரானேன். பிள்ளைகள் பாயில் உருண்டார்கள்.

முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்தார். "செனோர், நீங்கள் எந்த நாடோ தெரியாது. ஆனா குவாயாக்கில் ஆள் மாதிரியெல்லோ கதைக்கிறீங்கள்! சொல்லின்ர வாலை விழுங்கிப்போட்டு!" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. அதுதான் மார்த்தா.

4

மார்த்தா குவாயாக்கிலுக்குப் பக்கத்துக் கிராமம். விடிய எழும்பி அலுவலகங்கள் துடைப்பார். சனி மத்தியானத்தில் அங்காடிக் கூடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்பார். மகள் லூசியாவுக்கு எட்டு வயது. டொக்டரிடம், வீட்டு ஓனரிடம், அரசாங்க உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்தில் தாய்க்காகப் பேசுவது அந்தப் பிள்ளைதான். ஆனால் கதை நேரத்தில் லூசியா ஸ்பானிய மொழியில் வாய் திறக்கமாட்டாள். ஆங்கிலம் மட்டும்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தகம் கொண்டுபோய் வாசித்து, ஒரு தாளில் நாட்களைக் குறித்து, பெற்றோர் ஒரு வரி எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்களை அடுக்குவது என் வேலை. மார்த்தாவின் தாளில் ஏழு நாட்களும் ஒரே பேனையால், ஒரே சாய்வில் குறிக்கப்பட்டிருந்தன. அடியில் உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூட எழுத்தில், 'அம்மா மிக நன்றாக வாசித்தார்' என்று இருந்தது.

நான் அந்தத் தாளை மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகி வைத்தேன்.

அடுத்த கிழமை மார்த்தா கவுன்சில் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடியை மறந்துவிட்டேன், ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கள் என்றார். வாசித்தேன். அதற்கடுத்த கிழமை ஸ்பானிய மொழியில் வந்த கடிதம், அவர் தம்பி எழுதியது. அன்றும் கண்ணாடி இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கண்ணாடியே இல்லை, செனோர். எழுத்துத் தெரியாது. இந்த விசயம் லூசியாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"சொல்லமாட்டன்" என்றேன்.

5

அந்த வருடம் மேலிடத்திலிருந்து பியத்ரிஸுக்கு ஒரு படிவம் வந்தது. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு எத்தனை நிமிடம் வாசிக்கிறார்கள், எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த வருடம் அறை கிடைப்பது சந்தேகம். பியத்ரிஸ் பெற்றோர் வாசிப்பு நாள் ஒன்றை ஒழுங்கு செய்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு பக்கம் வாசிப்பது, படம் எடுப்பது. பட்டியலில் முதல் பெயர் மார்த்தா. "அவதான் நல்லாக் கதைக்கிறவ, கூச்சமில்லாதவ. அவ தொடங்கினா மற்றவை வருவினம்" என்றார்.

"அவவை விடுங்கோ" என்றேன்.

"ஏன்?"

சாட்டுச் சொல்லப் பார்த்தேன். வேலையாக இருப்பார், களைத்திருப்பார் என்று. பியத்ரிஸ் விடவில்லை, தானே போன் எடுத்துக் கேட்கிறேன் என்றார். நான் சொல்லிவிட்டேன்.

பியத்ரிஸ் பட்டியலைக் கிழித்தார். "ஒருத்தரும் வாசிக்க வேண்டாம். தாய் தேப்பன் வாயால சொல்லட்டும், பிள்ளையள் எழுதட்டும். படிவத்துக்கு நான் பதில் சொல்லுறன்." அன்றே மார்த்தாவுக்குப் போன் செய்து, வாசிக்கத் தேவையில்லை, பயப்படாமல் வாருங்கள் என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். நான் சொல்லிவிட்டேன் என்று மார்த்தாவுக்கு விளங்க அது போதும்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்து, எடுத்த புத்தகங்களையெல்லாம் கவுண்டரில் வைத்தார். "உங்களை நம்பினன்" என்றார். திரும்பிப் போனார்.

என் அப்பா தபால்காரர். சாவகச்சேரியில் மகன்மார் மத்திய கிழக்கில் இருந்த வீடுகளில், எழுத்துத் தெரியாத தாய்மாருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் அவர்தான். பதில் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். ஒருமுறை எங்கள் முன்வீட்டுப் பெண் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தார். அதில் என்ன இருந்தது என்று அம்மா கேட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது அவையின்ர கடிதம்" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஊரின் பாதி இரகசியங்களோடு அவர் இருபத்தைந்து வருடம் சைக்கிள் ஓடினார். என்னால் ஒன்றை மூன்று மாதம் வைத்திருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அதை வாசிக்கப்போவது லூசியா.

நேரே போனேன். அங்காடிக் கூடத்தில் மார்த்தா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றார். என்னைக் கண்டும் காணாதவர்போல் மாவை உருட்டினார். நான் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். தபால் பை, தாய்மார், முன்வீட்டுப் பெண், அம்மாவுக்குச் சொன்ன பதில். "அந்த மனுசன் இப்ப உயிரோட இருந்தா என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டார்" என்றேன்.

மார்த்தாவின் கை நின்றது. "எங்கட ஊரிலையும் ஒரு தபால்காரர் இருந்தவர். அவருக்கு வாய் நிக்காது. அதாலதான் என்ர அம்மா கடிதமே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா."

சட்டியில் கிடந்ததைத் திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "வாற சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

6

அந்தச் சனிக்கிழமை வதனிக்கு ஷிப்ட். ஆரணியைத் தனியே விட முடியாமல் கூட்டிப்போனேன். அவளுக்கு ஒன்பது வயது. கடைசிக் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்த்தா வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். தண்ணீருக்கு மேல் கால்களில் நிற்கும் மூங்கில் வீடு. மழை விடாமல் பெய்து தரை மட்டத்துக்கு ஆறு ஏறிவிட்டது. குடும்பமே கூரையில். அடைகாத்துக்கொண்டிருந்த கோழியையும் முட்டைகளையும் மார்த்தாவின் தாய் தன் தொப்பிக்குள் வைத்துக் கூரைக்கு ஏற்றினார். மூன்றாம் நாள் மீட்க வந்த படகுக்காரன், கோழிக்கு இடமில்லை என்றான். "அப்ப எனக்கும் இடம் வேண்டாம் எண்டு அம்மா கூரையில இருந்திட்டா" என்று மார்த்தா தாயைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு காட்டினார். "படகுக்காரன் திட்டித் திட்டி ஏத்தினான். பாதி வழியில முதல் குஞ்சு அவன்ர மடியிலதான் பொரிச்சது!"

மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்க, லூசியா குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, "அம்மா, மெதுவா. தொப்பிக்குப் பிறகு என்ன சொன்னீங்கள்?" என்றாள். ஸ்பானிய மொழியில். அறையில் எல்லாருக்கும் கேட்டது. மார்த்தா திரும்பச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. பியத்ரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தார்.

அந்தப் பக்கங்களை ஸ்டேப்லரால் அடித்து, அட்டை போட்டு, நூலகத்தின் பார்கோட் பட்டியை நானே ஒட்டினேன். அட்டையில் தாயின் பெயர், அதன் கீழே மகளின் பெயர். மார்த்தா தன் பெயரின் மேல் விரலை வைத்து, "இதுவோ நான்?" என்று கேட்டார். இப்போது அவர் செவ்வாய்க்கிழமைகளில் பியத்ரிஸிடம் எழுத்துப் படிக்கிறார். இதையெல்லாம் எழுதலாம் என்று அவரே எனக்குச் சொன்னார். படிவத்தோடு பியத்ரிஸ் அந்தப் புத்தகத்தின் பிரதியை வைத்து அனுப்பினார். அறை இன்னொரு வருடத்துக்குக் கிடைத்தது.

அன்று மத்தியானம் ரயிலில் ஆரணி ஜன்னல் பக்கம் இருந்தாள். கதை நேர முடிவில் பிள்ளைகள் கேட்டதால் நானும் கழுதைக் கதையை ஒருமுறை சொல்லியிருந்தேன்.

"அங்கே நீங்கள் வேறு ஆள், அப்பா" என்றாள் ஆங்கிலத்தில். "கையை ஆட்டி, குரலை மாற்றி. வீட்டில் நீங்கள் அப்படி இல்லை. எனக்கு ஏன் ஒன்றுமே சொன்னதில்லை?"

"உனக்குத் தமிழ் விளங்காதெண்டு நினைச்சன்."

"எனக்கு ஸ்பானிஷும்தான் விளங்காது. ஆனால் முழுதாகக் கேட்டேனே."

அவளுக்கு விளங்காது என்பதல்ல காரணம். ஸ்பானிய மொழியில் எனக்கு நடந்தது பத்தொன்பது மாதம் மட்டும். தமிழில் வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று பயம். இருந்தும் தொடங்கினேன். அப்பப்பா, அதாவது என் அப்பா, தபால்காரர் என்று. சைக்கிள், பை, கடிதங்கள். 'தபால்காரர்' அவளுக்கு விளங்கவில்லை. கடிதம் கொடுப்பதுபோல் கையை நீட்டிக் காட்டினேன். தலையாட்டினாள். சொல்லிக்கொண்டே போனேன், ஸ்டேஷன்கள் கடந்தன.

"பிறகு?"

"பிறகு, பிள்ளை, நான் குவாயாக்கிலில இருக்கேக்க என்ர அப்பா செத்துப்போனார்."

என் குரல் எனக்கே பழக்கமில்லாததுபோல் கேட்டது. ஆரணி என் கைவிரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்பப்பா என்னை என்னவென்று கூப்பிட்டிருப்பார்?" என்று கேட்டாள்.

"பிள்ளை எண்டுதான்."

"நீங்கள் கூப்பிடுகிற மாதிரியா?"

"இல்லை. அவர் வாசல் கேற்றடியில சைக்கிளில இருந்துகொண்டே கூப்பிடுவார். இழுத்து."

"கூப்பிட்டுக் காட்டுங்கள்."

பெட்டியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எதிரே ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னேன். அது சரியில்லை என்று அவளுக்கும் தெரிந்தது, தலையை ஆட்டினாள். இரண்டாம் முறை, கேற்றடியில் இருந்து உள்வீடு வரைக்கும் கேட்கவேண்டிய அளவுக்குக் கூப்பிட்டேன்.

"பிள்ளைஐஐ!"

பேப்பர்காரர் நிமிர்ந்து பார்த்தார். அது என் குரலாக இருக்கவில்லை.

ஆரணி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தமிழில், "வாறன், அப்பப்பா" என்றாள்.